அக்கரை என்று பெயரிட்டவர் நின்ற கரை

ஜோர்தான் நதியின் கிழக்குப் புறத்து நாட்டை எபிரேய வேதநூல் ‘ஏபேர் ஹயர்தேன்’ என்று அழைக்கிறது. ஜோர்தானுக்கு அக்கரை என்பது அதன் பொருள். ஐன், பா, றா என்ற அதே மூவெழுத்து வேர் அறபிலும் உண்டு; ‘அபற’ என்றால் கடந்தான். ஆனால், சொல்லின் பொருள் தெரிந்ததனால் பெயரின் தோற்றமும் தெரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. மருதமுனை என்ற ஊர்ப்பெயரைக் கேட்டால் மருத மரத்தையும் முனையையும் அந்த மண்ணிலேயே தேடலாம். அக்கரை என்பதற்கு அந்த மண்ணில் அடையாளம் எதுவும் இல்லை. எதிர்க்கரையில் ஒருவர் நின்றால்தான் அக்கரை என்ற ஒன்று உண்டாகிறது. ஆகவே இத்தகைய பெயரை ஆராய்கிறவர், பெயரிட்டவர் எங்கே நின்றார் என்றே முதலில் கேட்க வேண்டும்.

ஸ்பெயினில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் எழுதிய யூத உரையாசிரியர் இப்னு எஸ்றா இதைக் கண்டுகொண்டவர். எபிரேய வேதத்தின் உபாகம நூலின் முதல் வசனம், மூஸா நபி (அலை) அவர்கள் உரையாற்றிய இடத்தை ஜோர்தானுக்கு அக்கரை என்கிறது. அந்நூலின்படி அவர்கள் ஜோர்தானைக் கடக்காமலே கிழக்கில் காலமானார்கள். கிழக்கே நிற்பவருக்குக் கிழக்கு எப்படி அக்கரையாகும்? இப்னு எஸ்றா இதைக் குறிப்பாகச் சுட்டியதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வசனத்தை எழுதியவர் மேற்குக் கரையில் இருந்தவர் என்று 1670இல் வெளிப்படையாக எழுதியவர் ஸ்பினோசா. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உபாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இதே சொல் வருகிறது. எண்ணாகமம் 32ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்துக்குள் இரு கரைகளுக்கும் வருகிறது. எனவே இதற்குப் பக்கம் என்பதற்கு மேல் பொருளில்லை என்பார்கள். ஆனால் கிழக்கே நிற்பவர் மேற்கை அக்கரை என்பது இயல்பான பேச்சு. அதே பேச்சில் தாம் நிற்கும் கிழக்கையும் அவர் அப்படியே அழைத்தால், அங்கே அது நிலைத்துவிட்ட நாட்டுப் பெயர். ஒரு சொல் பேச்சாகவும் பெயராகவும் ஒரே காலத்தில் வழங்குவதில் முரண் இல்லை.

யூப்பிரத்தீஸ், அதாவது புறாத் நதியின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. இஸ்ரவேலரின் முன்னோர் நதிக்கு அப்பால் வாழ்ந்தார்கள் என்று யோசுவா நூலின் இறுதி அதிகாரம் கூறும்போது, அப்பால் என்பது கிழக்கு. சொன்னவர் நின்றது மேற்கு. ஆனால் அசீரியரும் பின்னர் பாரசீகரும் ஆண்டபோது திசை புரண்டது. கிழக்கிலிருந்து ஆண்டவர்களுக்கு சிரியாவும் பலஸ்தீனமும் ‘நதிக்கு அக்கரை’ மாகாணமாயின. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆளுநர் மஸ்தாயின் நாணயத்தில் அறமைக் மொழியில் அந்தப் பெயரே பொறிக்கப்பட்டது. ஜெரூசலேம் மக்கள் தம் சொந்த மண்ணையே அக்கரை என்று அழைக்க நேர்ந்தது. சுலைமான் நபி (அலை) அவர்களின் ஆட்சிப் பரப்பை விவரிக்கும் இராஜாக்கள் நூல்கூட ஜெரூசலேமுக்கு வெளியே நிற்பவரின் கண்ணால் அதை அக்கரை நாடு என்கிறது. அதிகாரம் இருந்த கரையே இக்கரை ஆயிற்று. ஜைஹூன் (ஆமூ தரியா) நதிக்கு வடக்கே உள்ள புகாறாவும் சமர்கந்தும் அறபு நூல்களில் ‘மாவறாஅந்நஹ்ர்’, நதிக்கு அப்பாலுள்ளது, என்று வழங்கியதும் இவ்வாறே. இமாம் புகாரி (றஹ்) அந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய தாய்க்கு அது அக்கரையாக இருந்திருக்க முடியாது.

இப்போது நம் கரைக்கு, இலங்கையின் கிழக்குக் கரைக்கு, வருவோம். அக்கரைப்பற்று என்ற பெயர் நம்மிடம் மட்டும் இல்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓர் அக்கரைப்பற்று உண்டு. அங்கே விளக்கம் கண்ணுக்கு முன்னே கிடக்கிறது: புத்தளத்தில் நின்று களப்புக்கு அப்பால் பார்த்தால் தெரிவது அந்த நிலம். நம் அக்கரைப்பற்றுக்கோ கருங்கொடித்தீவு என்ற பழம்பெயர் தனியே இருக்கிறது. ‘தீவு’ நீர் சூழ்ந்த மண்ணைச் சொல்கிறது. ‘பற்று’ நிர்வாகப் பிரிவைச் சொல்கிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வடக்கே மட்டக்களப்பிலிருந்து வருகிறவர் நிந்தவூரைத் தாண்டிக் களியோடையைக் கடந்தே அங்கு சேர வேண்டும். ஆகவே அக்கரைப்பற்று வடக்கே நின்ற நிர்வாகம் இட்ட பெயர், கருங்கொடித்தீவு அங்கே குடியிருந்தவர்களின் பெயர் என்பது என் துணிபு. நிர்வாகப் பெயர் ஆனதால் அது அந்நியப் பெயர் என்று சிலர் வருந்தக்கூடும். அப்படி வருந்தத் தேவையில்லை. அக்கரை என்று பிறர் அழைத்ததைத் தம் ஊர்ப்பெயராக ஏற்று, அதில் பள்ளிவாசலும் பாடசாலையும் சந்தையும் எழுப்பிய மக்களுக்கே இன்று அந்தப் பெயர் சொந்தம். ஆயினும் அதன் தோற்றத்தைத் தேடுகிறவர் செவிவழிக் கதைகளில் தொடங்காமல், பற்றுகளின் பழைய எல்லைக் குறிப்புகளிலும் காணி உறுதிகளிலும் தொடங்க வேண்டும். கருங்கொடித்தீவு என்ற பெயர் எந்த ஆண்டுவரை உறுதிகளில் எழுதப்பட்டது, எந்த எழுத்தர் கையில் அது மாறியது என்பதை அங்கேதான் பார்க்கலாம். கறையான் அரிப்பதற்கு முன்னர் அந்த உறுதிகளைப் பிரதியெடுத்து வைப்பது இப்பகுதி மாணவர்கள் உடனே தொடங்கக்கூடிய வேலை.