அச்சுப்பொறியின் முகவரி

எங்கள் களக்காட்டில் வாழை பயிரிடுவோர் சிலர் நடத்தும் சிற்றலுவலகம் ஒன்றில் மூன்று கணினிகள் உள்ளன. காற்றுக்கு வாழை சாய்ந்துவிட்டால், நிவாரண மனுக்களைக் குறித்த நாளுக்குள் அச்சிட்டுக் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஏற்ற பொறி எது என்று என்னை வினவினர்.

லேசர் அச்சுப்பொறியே என்றேன். மை தெளிக்கும் பொறி வாரக்கணக்கில் வாளா இருந்தால், அதன் நுண்துளைகளில் மை உலர்ந்துபோம். லேசர்ப் பொறியிலோ டோனர் என்னும் பொடிதான் உண்டு. ஒளிக்கதிர் உருளையின்மேல் எழுத்தின் உருவை மின்னேற்றமாக வரைகிறது. பொடி அதிற் பற்றித் தாளுக்கு மாறுகிறது. வெப்பம் அதனை உருக்கிப் பதிக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்துக் கேரி ஸ்டார்க்வெதர் 1969-இல் கண்ட வழி இது. மேலாளர் விரும்பாமையால், 1971-இல் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்திற்கு மாறிச் சென்றே அவர் அதனை உருவாக்கி முடித்தார்.

அவ்வெப்பத்திற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். ஆகவே கணினிக்குரிய சிறிய யு.பி.எஸ்-இல் இப்பொறியை இணைத்தலாகாது. வாங்கும்போது, ஒரு டோனர் எத்தனை பக்கம் தரும், அதன் விலை என்ன என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது!

இனி இணைப்பு. யு.எஸ்.பி. கம்பியால் ஒரு கணினியோடு பிணைத்தால், அது அணைந்தவுடன் மற்ற இரண்டும் கைகட்டி நிற்கும். ஆதலின் பொறியை ஈதர்நெட் கம்பியால் ரவுட்டரோடு இணைத்தோம். ரவுட்டர் அதற்கு ஓர் எண் முகவரி தரும். மின்தடைக்குப் பின் அவ்வெண் மாறிவிடலாம். கணினிகளோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். எனவே அப்பொறிக்கென ஒரே முகவரியை ரவுட்டரில் ஒதுக்கி வைத்தோம். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, மூன்று கணினிகளிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் அனுப்பினோம். மூன்றும் வந்தன.