துகளை உந்தும் ஒளி



ஒளி நமக்குப் பொருள்களைக் காட்டுகிறது. பயிருக்கு உணவு சமைக்கத் துணை புரிகிறது. அவ்வொளியே நுண்ணிய எலெக்ட்ரானைத் தள்ளி விரையச் செய்யவும் வல்லது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

துகள்களை விரையச் செய்யும் கருவிக்கு முடுக்கி என்று பெயர். கோவை நகரத்து மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் பொறியும் ஒரு முடுக்கியே. ஓர் உலோகக் குழாய்க்குள் மைக்ரோ அலைகள் எலெக்ட்ரான்களை உந்தி, 60 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றல் ஊட்டுகின்றன. அது பெரிய பொறி, விலையும் பெரிது. ஆகவே, வால்பாறை மலைத் தோட்டத்தில் உழைக்கும் ஒருவருக்கு அச்சிகிச்சை தேவையானால், அவர் வாரக்கணக்கில் நகரத்திலேயே தங்க நேரிடுகிறது.

கருவி சிறுத்தால் பயன் பெருகும் என்பதைக் கொங்கு நாடு அறியும். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்து பஞ்சாலைகளைச் சுழற்றியது. பின்னர்ச் சிறு மோட்டார்கள் இங்கேயே உற்பத்தியாயின; மின்சாரம் கிணற்று மேட்டை எட்டியது; கவலை இறைத்த காளைகள் ஓய்வு பெற்றன. முடுக்கிக்கும் அத்தகைய காலம் வருமா?

குழாயைக் குறுக்க வேண்டுமானால் உந்தும் மின்புலத்தை வலுப்படுத்த வேண்டும். அளவு மீறினால் உலோகச் சுவரில் பொறி பறந்து குழாய் கெடும். சிலிக்கான் போன்ற பொருள்களோ, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளின் மின்புலத்தை அதனினும் பன்மடங்கு தாங்கும். எனினும் ஓர் இடர் உண்டு. ஒளியலை ஒரு கணம் முன்னே தள்ளும். மறுகணம் பின்னே இழுக்கும்.

ஆடிப் பதினெட்டில் நம் ஊர்களில் தூரி கட்டி ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். தூரி முன்னோக்கிச் செல்லும்போது தள்ளினால் ஆட்டம் உயரும். எதிர்த்து வரும்போது தள்ளினால் அடங்கிவிடும். எலெக்ட்ரானுக்கும் அதுவே விதி.

ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டனர். சிலிக்கான் சில்லின்மேல் நுண்ணிய தூண்களை இரு வரிசையாக நிறுத்தினர். பேரூர்க் கோயில் தூண்களின் நடுவே நாம் நடப்பதுபோல் எலெக்ட்ரான் அவற்றின் நடுவே செல்லும். அவ்வழியின் அகலம் மில்லிமீட்டரில் 4,000-இல் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கத்திலிருந்து பாயும் லேசர் ஒளியை, தக்க கணத்தில் தள்ளுமாறு அத்தூண்கள் ஒழுங்குபடுத்துகின்றன. 2023-இல் வெளியான முடிவுப்படி, அரை மில்லிமீட்டர் தூரத்தில் எலெக்ட்ரானின் ஆற்றல் 28,400-இலிருந்து 40,700 எலெக்ட்ரான் வோல்ட்டாக உயர்ந்தது.

மற்றொரு வழியும் உண்டு. 1979-இல் தாஜிமா, டாசன் என்னும் இருவர், அயனியாக்கப்பட்ட வாயுவில் லேசர் துடிப்பு விரைந்தால், படகின் பின்னே எழுவதுபோல் அலை எழும் என்றும், அதன்மேல் ஏறி எலெக்ட்ரான் விரையும் என்றும் எழுதினர். 2014-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இம்முறையால் 9 சென்டிமீட்டரிலேயே எலெக்ட்ரான்கள் 420 கோடி எலெக்ட்ரான் வோல்ட் பெற்றன. நம் நாட்டில், இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்திலும் இவ்வாய்வு நடந்து வருகிறது. அம்மையத்தின் இந்தஸ்-2 என்னும் முடுக்கி வளையம் 172 மீட்டர் சுற்றளவு உடையது. அதன் எலெக்ட்ரான் ஆற்றல் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட்.

இதைக் கேட்டதும் பெரிய வளையங்கள் வீண் என்று முடிவு செய்துவிட வேண்டா. இந்தஸ்-2 எலெக்ட்ரான்களை மணிக்கணக்கில் நிலையாகச் சுற்றவைத்து ஆராய்ச்சிக்கு ஒளி தருகிறது. 9 சென்டிமீட்டர் குழாய் அதைச் செய்யாது. குழாய் சிறிதாயினும், அதற்கு ஒளி தரும் லேசரோ ஓர் அறையையே நிறைப்பது. எர்லாங்கன் சில்லின் எலெக்ட்ரான் பெற்ற ஆற்றல், மருத்துவப் பொறி ஊட்டும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஒரே வேளையில் செல்லும் எலெக்ட்ரான்களும் மிகச் சிலவே.

ஆகவே, பாதை திறந்திருக்கிறது, பயணம் முடியவில்லை. உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாயின் முனையில் முடுக்கியைப் பொருத்தி, நோயுற்ற இடத்தில் மட்டும் கதிர்வீச்சு அளிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கனவு. அதற்கு ஒளியியலும் மின்னியலும் கற்றவர்கள் மட்டும் போதா. நுண்ணிய பொருளைப் பிழையின்றிக் கடைந்தெடுக்கும் கைகளும் வேண்டும். பட்டறைகள் நிறைந்த கோவை மாணவர்களுக்கு இதில் இடம் உண்டு. இப்பொழுது நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் அலைகளின் பாடமே அதற்கு முதற்படி. அதை ஊன்றிப் படியுங்கள்.