பகைவன் பாசறையில் ஒரு தந்தை

(சாட்டியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இந்து இளைஞர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவிலே கிரேக்க நாட்டுக் காவியத்தைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "கந்தபுராணம் இருக்கிறது, கம்பராமாயணம் இருக்கிறது, பாரதம் இருக்கிறது. இவற்றையே நம் பிள்ளைகள் இன்னும் படித்து முடிக்கவில்லை. கடலுக்கப்பாலுள்ள கதை எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்பாராயின் அது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையைப் பேச்சின் முடிவிலே கூற விரும்புகின்றோம். இப்பொழுது ஒன்று மட்டும் சொல்லி வைப்போம். அந்தக் காவியம் பெரும்பாலும் கடற்கரையை அண்டி நடக்கும் காவியம். மணலிலே இழுத்து நிறுத்திய கப்பல்களும், ஓயாத அலையோசையும், கரையோரமாகத் தனியே நடந்து அழும் மனிதரும் அதிலே உண்டு. சாட்டி வெண்மணலிலே விளையாடி வளர்ந்த உங்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

ஹோமர் என்னும் மகாகவியின் பெயரால் வழங்கும் இலியட் ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். 24 காண்டங்களும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்டது. எழுத்திலே அமைவதற்கு முன்னர்ப் பாணர் வாய்மொழியாகப் பாடிவந்த கதைகளிலிருந்தே இது உருவாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. நம் கோயில்களிலே ஒருவர் புராணத்தைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் உண்டல்லவா? கிரேக்கரும் தம் காவியத்தைக் காதினாற் கேட்டே வளர்ந்தனர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்ற பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, நம் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்புநோக்கி எழுதிய ஆங்கில நூல் 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. புறநானூற்றுப் பாணனையும் ஹோமரையும் ஒரே பந்தியிலே இருத்திய பெருமை அவருக்கு உண்டு. ஆகவே இவ்வுறவு இன்று நாம் புதிதாகக் கற்பித்த உறவன்று.

இனிக் கதைக்கு வருவோம். திரோய் நகர மன்னன் பிரியம் என்பவனின் மகன் பாரிஸ், கிரேக்க மன்னன் ஒருவனின் மனைவியாகிய ஹெலனைக் கொண்டு சென்றான். அவளை மீட்கக் கிரேக்கர் கப்பலேறி வந்து திரோயை முற்றுகையிட்டனர். இவ்வளவும் பலரும் அறிந்தது. மரக்குதிரையின் வயிற்றிலே வீரர் ஒளிந்திருந்து நகரைப் பிடித்த கதையும் பலர் அறிந்ததே. ஆனால் இலியட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த மரக்குதிரை அங்கே கிடையாது. நகரம் வீழ்வதும் கிடையாது. பத்தாம் ஆண்டுப் போரிலே ஏறக்குறைய 50 நாட்களில் நிகழ்ந்தவையே அக்காவியத்தின் பொருள். ஒரு வீரனின் கோபத்திலே தொடங்கிப் பகைவன் ஒருவனின் ஈமச்சடங்கோடு அது முடிகின்றது.

இன்னுங் கூர்ந்து நோக்கினால், காவியத்தின் வாயிலிலே ஒரு தந்தையும் முடிவிலே ஒரு தந்தையும் நிற்கக் காண்போம். இருவரும் முதியோர். இருவரும் பகைவரின் பாசறைக்கு வந்து தம் பிள்ளையைக் கேட்பவர். முதல்வர் கிறைசிஸ் என்னும் கோயிற் பூசகர். சிறைப்பட்ட தம் மகளை மீட்கத் திரவியங்களோடு வருகின்றார். கிரேக்கர் எல்லோரும் பெரியவரின் சொல்லை மதித்துப் பெண்ணைக் கொடுத்துவிடுவோம் என்கின்றனர். தலைவனாகிய அகமெம்னன் மட்டும் மறுத்து, முதியவரை ஏசித் துரத்துகின்றான். அவர் ஒன்றும் பேசாமல் அலையிரையும் கடலோரமாக நடந்து சென்று தம் தெய்வத்திடம் முறையிடுகின்றார். அதன் பயனாகப் பாசறையிலே கொள்ளைநோய் புகுகின்றது. 9 நாட்கள் பிணங்கள் எரிந்தன. பின்னர் அப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த அகமெம்னன், அதற்கு ஈடாக அக்கிலீஸ் என்னும் மாவீரனிடமிருந்த பெண்ணைப் பறித்துக்கொண்டான். அக்கிலீஸ் சினந்து, இனிப் போர் செய்யேன் என்று ஒதுங்கினான். ஒரு தந்தையின் கண்ணீரை ஒருவன் அசட்டை செய்தான். அதிலிருந்து எத்தனை ஆயிரம் தந்தையர் அழ நேர்ந்தது என்பதே மிகுதிக் காவியம் எனலாம்.

எதிர்ப்பக்கத்திலே நிற்பவன் ஹெக்டர், பிரியத்தின் மூத்த மகன். பாரிஸ் செய்தது பிழை என்பதை அறிந்தவன். ஆயினும் ஊர் தன்னுடையது, பெற்றோர் தன்னுடையவர் என்று போருக்கு நிற்பவன். போர்க்களத்திலிருந்து சிறிது நேரம் நகருக்குள் வந்தபோது மனைவி அந்திரோமகி கைக்குழந்தையோடு கோட்டை வாயிலிலே எதிர்ப்படுகின்றாள். அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரரையும் முன்னமே கொன்றவன் அக்கிலீஸ். ஆகவே, "எனக்குத் தந்தையும் தாயும் சகோதரனும் நீரே" என்ற கருத்துப்பட அழுகின்றாள். ஹெக்டர் குழந்தைக்குக் கை நீட்டுகின்றான். தலைக்கவசத்தின் மேலே அசையும் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்ட குழந்தை வீரிட்டுத் தாதியின் மார்பிலே ஒளிகின்றது. தாயும் தந்தையும் அந்தத் துயரத்தினிடையே சிரித்துவிடுகின்றனர். அவன் கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி முத்தமிடுகின்றான். போர்க்கோலம் பூண்ட தந்தையைப் பிள்ளை அடையாளம் காணவில்லை, கவசத்தைக் கழற்றிய பின்னரே அவன் கைக்கு வந்தது என்பதை வாலிபர்கள் மனத்திலே வைத்தல் வேண்டும்.

நிற்க. அக்கிலீஸின் உயிர்த்தோழன் பத்திரோக்கிளஸ், கிரேக்கர் படும் துன்பம் பொறுக்காது, அக்கிலீஸின் கவசத்தை வாங்கி அணிந்து களம் புகுந்தான். ஹெக்டர் அவனைக் கொன்றான். இதனால் அக்கிலீஸின் சினம் அகமெம்னனை விட்டு ஹெக்டர்மேல் திரும்பிற்று. இருவரும் எதிர்ப்பட்டபோது ஹெக்டர் ஒரு வேண்டுகோள் விடுத்தான். வென்றவன் தோற்றவனின் உடலை அவன் உறவினரிடம் கொடுத்துவிடல் வேண்டும் என்பதே அது. அக்கிலீஸ் இணங்கவில்லை. ஹெக்டரைக் கொன்று, அவன் குதிகால்களைத் துளைத்துத் தோல்வாரால் தேரிற் பிணித்து, பெற்றோர் மதில் மேலிருந்து பார்க்கப் புழுதியிலே இழுத்துச் சென்றான். நாட்கள் பல கழிந்தும் சினம் ஆறவில்லை. உறக்கமின்றிக் கடற்கரையிலே அலைவான். விடிந்ததும் தோழனின் சமாதியைச் சுற்றி அவ்வுடலை மீண்டும் இழுப்பான்.

இதே அக்கிலீஸ் முன்பு எப்படிப்பட்டவன்? அந்திரோமகியின் தந்தையைக் கொன்ற அன்று, அவருடைய கவசத்தைக்கூடக் கழற்றாது, அதனோடேயே தகனஞ்செய்து மேடு எழுப்பியவன். மரியாதை அறியாத மூடன் அவனல்லன். அறிந்திருந்ததைத் துயரமும் கோபமும் சேர்ந்து மறக்கச் செய்தன. நல்லவனும் இந்நிலைக்கு வரலாம் என்பதே நாம் அஞ்ச வேண்டிய பாடம்.

இங்கேதான் இரண்டாவது தந்தை வருகின்றார். முதிய பிரியம் மன்னன், ஏவலாளன் ஒருவனோடு, வண்டியிலே திரவியங்களை ஏற்றிக்கொண்டு, இரவிலே பகைவர் பாசறைக்குப் புறப்படுகின்றான். மனைவி தடுத்தும் கேட்கவில்லை. தேவதூதன் வழிகாட்ட, அக்கிலீஸின் கூடாரத்துட் புகுந்து, அவன் முழங்காலைப் பற்றி, தன் மக்கள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகின்றான். "உன் தந்தையை நினைத்துப் பார். அவரும் என்னைப்போல முதியவர். ஆனால் மகன் வருவான் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு" என்ற கருத்துப்பட வேண்டுகின்றான்.

அக்கிலீஸுக்குத் தெரியும், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று. தன் தந்தையும் இவ்வாறே ஒருநாள் பிள்ளையின்றி நிற்பார் என்பது அப்பொழுது அவன் நெஞ்சைத் தைத்தது. முதியவனின் கையை மெல்ல விலக்கினான். இருவரும் அழுதனர். ஒருவன் ஹெக்டரை நினைந்து அழுதான். மற்றவன் தன் தந்தையையும் தோழனையும் நினைந்து அழுதான். பின்னர் அக்கிலீஸ் உடலைக் கழுவி எண்ணெய் பூசச் செய்தான். பிரியத்தின் கண்ணிற் படாத இடத்திலே அதனைச் செய்யுமாறு பணித்தான். மகனின் நிலையைக் கண்டு முதியவன் கொதிக்க, அதனால் தன் கோபம் மீண்டும் கிளம்பிவிடக்கூடும் என்ற அச்சம் அவனுக்கு இருந்தது. தன் கையாலேயே உடலைத் தூக்கிப் பாடையிற் கிடத்தினான். முதியவனுக்கு உணவளித்தான். சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அத்தனை நாளும் போரை நிறுத்துவதாக வாக்களித்தான்.

ஹெக்டரின் உடல் ஊர் சேர்ந்ததும் மனைவியும் தாயும் ஹெலனும் ஒருவர்பின் ஒருவராகப் புலம்புகின்றனர். நம் தாய்மாரின் ஒப்பாரியைக் கேட்டவர்க்கு அப்பகுதி மொழிபெயர்ப்பின்றியே விளங்கும். 9 நாள் துக்கம் காத்து விறகு சேர்த்து, பத்தாம் நாள் தகனஞ் செய்து, மறுநாள் மதுவால் நெருப்பணைத்து எலும்பெடுத்துப் பொற்பேழையில் இட்டு மேடு எழுப்பினர். நம் காடாற்றுச் சடங்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது பாருங்கள்!

இனி நம் காவியங்களுக்குத் திரும்புவோம். கம்பர் இராமனைப் பாட வந்தவர். ஆயினும் இந்திரசித்து மாண்டபின் இராவணன் களத்திலே பிணக்குவியலினிடையே மகனைத் தேடித் தலையற்ற உடலைத் தழுவி அழும் இடத்திலே, அவனை அரக்கனாக அன்றித் தந்தையாகவே காட்டுகின்றார். இராவணன் வீழ்ந்தபின், பகைமை மரணத்தோடு முடிந்தது, செய்ய வேண்டிய கடன்களைச் செய் என்று வீடணனிடம் இராமபிரான் கூறுவதை வான்மீகி பாடினார். பாரதப் போர் முடிந்ததும், உரியவர் இல்லாத உடல்களுக்கும் கிரியை செய்யுமாறு தருமர் பணித்தார். கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்திலே சூரபன்மன் மயிலும் சேவலுமாகி முருகப் பெருமானைச் சேர்ந்தான். ஆண்டுதோறும் சூரன்போரிலே ஆரவாரிக்கும் நாம், பகைவனை வாகனமாகவும் கொடியாகவும் ஏற்ற அருளை எண்ணிப் பார்க்கின்றோமா? இந்நாட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. எல்லாளனை வென்ற துட்டகைமுனு அவனுக்கு ஈமக்கடன் செய்து, வீழ்ந்த இடத்திலே நினைவுச்சின்னம் எழுப்பி வழிபடச் செய்தான் என்றும், பின்வந்த அரசரும் அவ்விடத்தை அணுகும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் மகாவம்சமே கூறுகின்றது.

அன்பர்களே, இக்கதைகளை இந்த ஊரிலே நின்று சொல்லும்போது எமது நா தழுதழுக்கின்றது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே வெட்டுண்டு மாண்டவர்களை நம் தீவுகள் மறக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலே மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கங்களிலே பிடித்துச் செல்லப்பட்ட வாலிபர் பலர் திரும்பவில்லை. பிரியத்துக்கு மகனின் உடல் கிடைத்தது. இவர்களின் பெற்றோர்க்கு அதுவும் கிடைக்கவில்லை. இறந்த திதி தெரியாததால் திவசம் செய்ய வழியில்லை. ஆடி அமாவாசை வந்தால், தந்தைக்கு விரதம் பிடிப்பதா, பிடித்தால் அவர் இறந்தார் என்று நாமே முடிவு கட்டியதாகாதா என்று கலங்கும் பிள்ளைகள் உண்டு. பொட்டை வைப்பதா அழிப்பதா என்று அறியாது முதுமை அடைந்த மனைவியர் உண்டு. காரியாலயம் காரியாலயமாக, தெருவோரப் பந்தல் பந்தலாக, படத்தை நெஞ்சிலே ஏந்தி நிற்கும் தாய்மார் கேட்பது பிரியம் கேட்டதைத்தான். அவர்களை வெறுங்கையோடு அனுப்புகின்ற எந்த அதிகாரமும் அகமெம்னன் செய்த பிழையையே செய்கின்றது.

கார்த்திகை மாதத்திலே இவ்வூர்த் துயிலும் இல்லத்திலே விளக்கேற்றி அழும் தாயின் கண்ணீருக்கும், தெற்கிலே ஒரு கிராமத்தில், போர்க்களத்திற் காணாமற்போன சிப்பாய் மகனின் படத்துக்கு முன் அமர்ந்து அழும் தாயின் கண்ணீருக்கும் உப்பு ஒன்றே. இதனைச் சொல்வதால் நம் துயரம் சிறுத்துவிடாது. நியாயம் கேட்கும் உரிமையும் குறைந்துவிடாது. அக்கிலீஸும் பிரியமும் ஒருவரை ஒருவர் மன்னித்ததாகக் கவிஞர் பாடவில்லை. 12ஆம் நாள் போர் மீண்டும் தொடங்கும் என்பதை இருவரும் அறிவர். ஆயினும் அந்த ஓர் இரவிலே இருவரும் மனிதராக இருந்தனர். அந்த ஓர் இரவுக்காகவே 24 காண்டங்களும் பாடப்பட்டன போலும்.

கடலுக்கப்பாலுள்ள கதை எதற்கு என்ற கேள்விக்கு இதுவே எமது விடை. பிறர் வீட்டு விளக்கொளியிலே நம் வீட்டுப் பொருளும் தெரிகின்றது. பிரியம் அழுததைக் கேட்ட பின்னரே இராவணன் அழுததை நாம் செவ்வையாகக் கேட்டோம்.

இளைஞர்களே, உங்கள் வீட்டு வாசலிலோ அயல் வீட்டு வாசலிலோ, திரும்பி வராத பிள்ளையை எண்ணி ஒரு முதியவர் இன்றும் இருப்பார். அவருக்கு நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. அருகே சென்று இருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். பெரியோர்களே, நீங்களும் மௌனமாக இராது சொல்லுங்கள். அக்கிலீஸ் செய்த செயல்களிலே எல்லாம் பெரியது, ஒரு முதியவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்ததேயாகும்.