காலி நாற்காலிகளை எண்ணியவன்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சிகாகோவில இருந்து வர்றே, அமெரிக்காவைப் பத்தி ஏதாவது பேசுடா" என்று செயலாளர் கடிதம் போட்டிருந்தார். உயரமான கட்டடங்களைப் பற்றிப் பேசலாம். ஆனால் அதையெல்லாம் நீங்கள் டி.வி.யிலேயே பார்த்துவிட்டீர்கள். நான் இந்தக் கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிகாகோ நகரம் 2013-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி ஏறத்தாழ ஐம்பது அரசுப் பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ஒரே நாளில் ஐம்பது! எந்தப் பள்ளியை மூடுவது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? குலுக்கல் போட்டா? இல்லை. ஒரு சூத்திரம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரே சந்தோஷம்.

சூத்திரம் இதுதான். ஒரு தொடக்கப் பள்ளியில் 39 அறைகள் இருக்கின்றன என்று வையுங்கள். 30 அறைகள் வகுப்புகளுக்கு; மீதி 9 பாட்டு, ஓவியம், கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு. வகுப்புக்கு 30 பிள்ளைகள். முப்பதை முப்பதால் பெருக்கினால் 900. அதற்கு இருபது சதவீதம் மேலும் கீழும் போகலாம். 720-க்குக் கீழே போனால் 'சரியாகப் பயன்படாத பள்ளி' என்று முத்திரை. அவ்வளவுதான்.

அந்த முத்திரை 330 பள்ளிகளுக்கு விழுந்தது. அவற்றிலிருந்து வடிகட்டினார்கள். ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் கை வைக்காதீர்கள், வளர்ந்த பையன்கள் வேறு கும்பலின் எல்லைக்குள் நடக்க வேண்டிவரும் என்று அது சொன்னது. பிப்ரவரியில் பட்டியல் 129 ஆனது. மார்ச்சில் 54. மே மாதம் 50. நகராட்சிப் பள்ளிகளுக்கு நூறு கோடி டாலர் பற்றாக்குறை. ஐந்து லட்சம் பேர் உட்கார இடம் இருக்கிறது, பிள்ளைகளோ நாலு லட்சம்தான் என்றார்கள். கணக்கு நேராகத்தான் இருந்தது. அலுவலகத்தில் மதிய உணவு மேஜையில் நான் அடித்துப் பேசினேன்: "காலி நாற்காலிக்கு எதுக்கு வாடகை?"

எங்கள் அடுத்த தெருவில் ஒரு பாட்டி இருந்தார், கறுப்பினத்தவர். மகள் வேலைக்குப் போக, பேரனை அவர்தான் வளர்த்தார். அவனுடைய பள்ளி பட்டியலில் இருந்தது. ஒருநாள் மாலை என்னைப் பொதுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் பேச இரண்டே நிமிஷம் கொடுத்தார்கள். மணி அடித்ததும் மைக் நின்றது. திரும்பி வரும்போது என்னிடம் கேட்டார்: "நீங்க கணக்குப் படிச்சவராச்சே. என் பேரன் இனிமே தாண்டிப் போகவேண்டிய அஞ்சு தெருவை உங்க பேப்பர்ல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு சூத்திரத்தை மறுபடி எடுத்து வைத்தேன், இந்த முறை பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. அதே 39 அறைப் பள்ளியில் 700 பிள்ளைகள் இருந்தால் வகுப்புக்கு 23 பேர். எந்த அம்மா அப்பாவும் கும்பிட்டு வரவேற்கிற எண்ணிக்கை! சூத்திரத்துக்கு அது வீண் செலவு. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் முப்பது பேரைச் சட்டமே அனுமதிக்காது. அதில் பாதிதான் முடியும். சூத்திரம் அந்த அறைக்கும் முப்பது என்றுதான் பெருக்கியது. ஆக, அந்தப் பிள்ளைகளை அதிகமாகச் சேர்த்துக்கொண்ட பள்ளி அதிகக் காலியாகத் தெரிந்தது.

இன்னொன்று. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சூத்திரம் கேட்கவே இல்லை. நகரின் தெற்குப் பகுதியில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று அரசுக் குடியிருப்பு, 16 மாடிக் கட்டடங்கள் 28. 2007-க்குள் அத்தனையும் இடித்தாகிவிட்டது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் சிகாகோவில் கறுப்பின மக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் குறைந்தார்கள். அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் பெருகின. முதலில் வீட்டை இடித்தார்கள். பிறகு 'பள்ளியில் பிள்ளையைக் காணோமே' என்றார்கள். பள்ளி மூடியதால் இடம் மாறிய சுமார் 12,000 பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினப் பிள்ளைகள்.

மிச்சமாகும் என்ற பணம்? கட்டடச் செலவில் பத்து வருஷத்தில் 56 கோடி டாலர் மிச்சம் என்றவர்கள், வாக்கெடுப்புக்கு முன்பே அதை 43.8 கோடியாகத் திருத்த வேண்டிவந்தது. விசாரணை நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதிகளில் சிலர், பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட வேண்டாம் என்று எழுதினார்கள். தப்பியவை சிலவே. வாக்களித்த குழுவைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல, மேயர்.

பிறகு என்ன ஆனது? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2018-இல் அறிக்கை கொடுத்தார்கள். பள்ளி மூடப்போகிறது என்று அறிவித்த ஆண்டிலேயே மதிப்பெண் விழுந்தது. கணக்குப் பாடத்தில் அந்த இழப்பு நாலு வருஷம் நீடித்தது. அதே நிறுவனம் 2009-இல் முந்தைய மூடல்களைப் பற்றிச் சொன்னதும் முக்கியம்: மிக நல்ல பள்ளிக்குப் போன பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் அப்படிப் போனவர்கள் மிகச் சிலர். ஆகவே மூடுவது எப்போதும் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பாட்டியின் பேரன் புதுப் பள்ளிக்குப் போனான். மஞ்சள் சட்டை போட்ட காவலர்களை வழியெங்கும் நிறுத்தினார்கள். ஆனால் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆசிரியர் ஒருவரும் அங்கே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. பெட்டியை வண்டியில் ஏற்ற உதவினேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். 2024 நவம்பரில் சிகாகோ மக்கள் பள்ளிக் குழுவுக்கு முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். ஒரு பகுதி உறுப்பினர்களுக்குத்தான் என்றாலும். அந்தப் பாட்டிதான் ஓட்டுப் போட அங்கே இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் கல்லூரிக்குப் பின்னால் உள்ள தொடக்கப் பள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். என்.எஸ்.எஸ். முகாமில் நாம் வெள்ளையடித்த சுவர். சுண்ணாம்பு கண்ணில் பட்டு நம் தலைவர் அழுத இடம்! நேற்று போய்ப் பார்த்தேன். ஐந்து வகுப்பும் சேர்த்து ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. தலைமையாசிரியை, "அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியல சார்" என்றார். 2019-இல் பிள்ளைகளே சேராத 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தமிழ்நாடு அரசு நூலகமாக்கியது நமக்குத் தெரியும். ஒரு பிள்ளைகூட இல்லாத கட்டடம் வேறு, இருபது பிள்ளைகள் இருக்கிற பள்ளி வேறு.

மாணவச் செல்வங்களே, குறிப்பாகப் புள்ளியியல் துறைத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போங்கள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ஏன் போனார்கள், பள்ளி மூடினால் எந்தச் சாலையைத் தாண்ட வேண்டும், எழுதிக்கொண்டு வாருங்கள். ஆசிரியர் இல்லாததுதான் குறை என்றால், பகுதி நேர ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வருஷச் சம்பளத்தை எங்கள் வகுப்பு ஏற்கும். நேற்று இரவே பேசி முடித்துவிட்டோம். மூடத்தான் வேண்டும் என்று உங்கள் கணக்கு சொன்னால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது அந்தப் பணம் பிள்ளைகளை நல்ல பள்ளிக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிக்குப் போகும்.

சராசரி எடுக்கும்போது அதற்குள் எத்தனை முகம் இருக்கிறது என்று பார் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். நான் அன்று கடைசி பெஞ்சில் இருந்தேன். புரிந்துகொள்ள முப்பது வருஷமும் ஒரு பாட்டியும் தேவைப்பட்டார்கள்.