கம்பியா? அகழியா?

(திருச்சுழி வட்டாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கண்மாய் வறண்ட ஊரிலே, குடத்தோடு தெருக்குழாயடியில் காத்து நிற்கும் தாய்மார்களுக்கு விடை சொல்ல வழியில்லை, வேங்கைப் புலிக்குக் கோடி கொட்டி வீடு கட்டுவது நியாயமா?" மேடைக்கு வந்து சேர்ந்த துண்டுச் சீட்டிலே இருந்த கேள்வி இது. எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் மேடைக்கே அழைத்து மாலை சூட்டியிருப்பேன். வம்புக் கேள்வியன்று இது. வறட்சி கேட்கும் கேள்வி! ஒரு வரியிலே விடையிறுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வீடு கட்டிய கதையை முதலில் கேளுங்கள்.

சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாயிருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபோர், பாடம் செய்து வைத்த உடலங்களைக் காண்பதைவிட, உயிரோடு உலவும் விலங்கைக் காணவே மக்கள் திரள்கிறார்கள் என்பதைக் கண்டார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்றார். 1855-இல் பிறந்தது சென்னை உயிரியல் பூங்கா. அரண்மனை மட்டும் கண்டு களித்ததை அங்காடிக் கூலியும் காணலாம் என்ற நிலை பிறந்தது. 1863-இல் அது மாநகராட்சியின் கைக்கு வந்து, சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர்ப்புறத்திலிருந்து பட்டணம் பார்க்கப் போனவர்கள் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், இதற்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பெயர் சூட்டினார்கள். படிக்கப் போன கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். அந்த இரண்டு பெயர்களில் எது எந்தக் கல்லூரிக்குப் பொருந்தும் என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது வேறு கூட்டத்துக்கு!

மக்கள் வந்தார்கள், மகிழ்ந்தார்கள். புலி மகிழ்ந்ததா? இரும்புக் கம்பி, கற்றரை, நாலெட்டு நடந்தால் சுவர். திரும்பினால் மறுபடியும் சுவர். காலையிலிருந்து மாலைவரை, போன வழியே திரும்பி, திரும்பிய வழியே போய், கால் தேயத் தேய நடக்கும் கூண்டுப் புலி. "பாரடா, எப்படி உலாவுகிறது!" என்று குழந்தைக்குக் காட்டுவார் தந்தை. உலாவுகிறதா? உங்களில் சிறை சென்று மீண்டோர் இருக்கிறீர்கள். பூட்டிய அறைக்குள் மனிதன் ஏன் நடக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அது உலாவல் அன்று, தோழர்களே, உள்ளம் உடைகிறபோது கால் செய்கிற வேலை!

நாடக மேடையிலே பனியனுக்கு மஞ்சள் பூசிக் கோடு போட்டுப் புலியாக வந்த பையனைக் கண்டு முன்வரிசைக் குழந்தைகள் அலறியதைப் பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் இருந்த உண்மைப் புலியைக் கண்டு எந்தக் குழந்தையும் அலறியதில்லை. கடலைத் தோலை எறிந்தது. சோழன் கொடியிலே பறந்த விலங்குக்கு வந்த கோலம் அது.

இந்தக் கம்பியை முதலிலே தூக்கி எறிந்து காட்டியவர் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். விலங்கு வாணிகம் செய்தவர். அருளாளர் என்று அவரைப் போற்ற நான் வரவில்லை. ஆனால் 1907-இல் ஹாம்பர்க் நகரருகே அவர் திறந்த பூங்காவிலே, சிங்கத்துக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே கம்பி இல்லை, அகழி இருந்தது.

கோட்டைக்கு அகழி பகைவனைத் தடுக்க. இங்கே அகழி இருவரையும் காக்க. அதன் அமைப்பைக் கண்மாய்க் கரை கட்டிய கைகளுக்குச் சொன்னால் உடனே புரியும். விலங்கு இருக்கும் பக்கம் சரிவு. மெல்ல இறங்கலாம், ஏறலாம். மனிதர் நிற்கும் பக்கம் செங்குத்துச் சுவர்; தாவ முடியாது. சுவரின் மேல் இடுப்பளவுக் கைப்பிடி, அவ்வளவே. உள்ளே மண், மரம், நிழல், ஒரு குளம். பூனை இனமே ஆயினும் புலி தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கும். பின்புறத்தில் இரவு அறைகள். காப்பாளர் வெளியே நின்று கதவை இழுத்துப் புலியை உள்ளே அடைத்த பின்னரே திடலைத் துப்புரவு செய்ய நுழைவார். ஒரு தாழ்ப்பாள் மறந்தால் ஓர் உயிர்! அந்தத் தொழிலாளியின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காண மாட்டீர்கள்.

சென்னைக்கு இந்த அறிவு வர நாளாயிற்று. 116 ஏக்கர் மக்கள் பூங்காவின் ஒரு மூலையிலே, வண்டிச் சத்தத்துக்கும் நெருக்கடிக்கும் நடுவே, இனி விரிக்க இடமில்லை என்ற நிலை வந்த பின்பு, 1976-இல் பூங்காவை மாற்றத் திட்டமிட்டார்கள். வண்டலூர்க் காட்டிலே 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். நம் பக்கத்துக் கரடு போன்ற புதர்க்காடுதான் அது! தொடக்கச் செலவு ஏழரைக் கோடி. 1985 ஜூலை 24-ஆம் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அண்ணாவின் பெயர் தாங்கி நிற்கிறது. பிற்பாடு 1992-இல் நடுவண் அரசு விதியும் வகுத்தது: ஓர் இணைப் புலிக்குத் திறந்தவெளித் திடல் குறைந்தது 1,000 சதுர மீட்டர். கால் ஏக்கரளவு! காட்டிலே அது சுற்றும் பரப்போடு ஒப்பிட்டால் கைக்குட்டை. கம்பிக்கூண்டோடு ஒப்பிட்டால் நாடு.

வீடு கட்டினால் போதுமா? போதாது. 2021 ஜூனிலே கொரோனா வண்டலூர்ச் சிங்கங்களையும் தொட்டது; இரண்டு மாண்டன. அகழி மனிதனைத் தடுக்கும். மனிதன் கொண்டு வரும் நோயைத் தடுக்காது. மருத்துவரும் மருந்தும் நாள்தோறும் வேண்டும். அதற்கும் காசு வேண்டும்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். நமது கண்மாய் மேடிட்டதற்கும், மடை உடைந்ததற்கும், வரத்துக்கால் சீமைக்கருவேலங்காடு ஆனதற்கும் காரணம் வண்டலூர்ப் புலியா? புலியைப் பட்டினி போட்டால் அருப்புக்கோட்டை நெசவாளியின் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுமா? புலியையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவிலே கணக்குப் புத்தகத்தை மூடிக்கொள்பவனை விட்டுவிடாதீர்கள்.

அது மட்டுமா? திருச்சுழியிலே மணலாய்க் கிடக்கும் குண்டாற்றின் தலை எங்கே? மேற்கே, வருசநாட்டு மலைச் சரிவிலே. அந்த மலைத்தொடரிலேதான் 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது, தமிழ்நாட்டின் ஐந்தாவது, 1,016 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் 2006-இல் 76 என்று கணக்கிட்ட புலிகள் 2022-இல் 306 ஆயின. புலிக்காக வெட்டாமல் விட்ட மரம் நமக்காக மழையைப் பிடித்து வைக்கிறது. கரிசலிலே மானாவாரி விதைத்து வானம் பார்ப்பவனுக்கு அந்த மலைதான் வானத்துக்கு அடுத்தபடி.

அதே பிப்ரவரி மாதம் 21-ஆம் நாள்தான் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். புலிக்குக் காப்பகம் வந்துவிட்டது. கால்வாய்த் தண்ணீர் குண்டாற்றுக்கு இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று கேளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு மனுவிலும் கேளுங்கள். அந்தச் சீட்டை எழுதிய தோழரே முதல் கையெழுத்தைப் போடட்டும்.

இன்னொன்று. கட்டணமில்லாத உயிர்க் காலேஜ் போய், கட்டணம் வாங்கும் பூங்கா வந்திருக்கிறது. தறிக்குழியிலும் கரிமூட்டத்திலும் உழைப்பவர்களின் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை கட்டணமின்றி அழைத்துச் செல்லப் பள்ளிகளுக்கு வழி செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. தொலைவு ஒரு காரணமே அன்று. தெற்கேயிருந்து போகும் பேருந்து வந்து நிற்கிற கிளாம்பாக்கம், வண்டலூருக்குப் பக்கந்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பூங்காவுக்கு விடுமுறை.