விழா நாளும் வரலாற்று நாளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படத்திற்கு மாலை அணிவிக்கின்றோம், ஊர்வலம் செல்கின்றோம், இனிப்பு வழங்குகின்றோம். இவை வேண்டும். ஊர்த் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதே ஒரு காலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட உரிமை அன்றோ! ஆயினும், ஒலிபெருக்கிக்குச் செலவிடும் பொருளில் பாதியையேனும் நூல்களுக்குச் செலவிட்டோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

மராட்டிய மண்ணில், பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் என்னும் ஊரில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1818 சனவரி முதல் நாள் பேஷ்வாவின் படையை எதிர்த்து, ஆங்கிலக் கம்பெனியின் அணியில் நின்று மாண்ட வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மகார் வீரர்களும் அவர்களுள் உண்டு. கம்பெனி தன் வெற்றிக்கு நாட்டிய தூண்தான் அது. 1927 சனவரி முதல் நாள் அண்ணல் அங்குச் சென்று வணக்கம் செலுத்தினார்; பின்னர் அது ஒடுக்கப்பட்ட மக்களின் தூணாயிற்று.

நம் மண்ணில் இத்தகைய நினைவுகள் இல்லையா? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டின் வழியே, பண்டிகைகளின் பொருளையே பௌத்த நோக்கில் ஆராய்ந்தார். தீபாவளியை எள் நெய் கண்டறிந்த நாள் என்றார். அம்முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. கேள்வி கேட்ட அத்துணிவு நம் சொத்து.

இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை எண்ணிப் பாருங்கள். பொதுத் தெருவிலும் கிணற்றிலும் எவர்க்கும் உரிமை உண்டு என்பது அது. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஆனால் ஆணை பிறந்த நாளும், ஊர்க் கிணற்றில் நம் குடம் இறங்கிய நாளும் ஒன்றல்ல. இடையில் எத்தனை ஆண்டுகள்? முதலில் நீர் முகந்தவர் யார்? அதற்காக அடிபட்டவர் யார்? எந்த அரசிதழும் அதைக் குறிக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த நம் தாய்மார்களின் நெஞ்சில் மட்டுமே அது இருக்கிறது.

இளைஞர்களே, அடுத்த ஏப்ரல் 14-க்குள் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் அமர்ந்து கேளுங்கள். கிணறு, தேநீர்க்கடை, பள்ளிக்கூடம், செருப்பணிந்து நடந்த முதல் நாள் எனக் கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதுங்கள்; இலக்கணம் திருத்த வேண்டா. ஆண்டு நினைவில்லை எனில், எந்தப் புயலுக்குப் பின், எந்தத் தேர்தலுக்கு முன் என வினவுங்கள். அவர் இசைந்தால் விழா மேடையில் அவரே சொல்லட்டும். இயலாதவருக்காகப் பேரப்பிள்ளை படிக்கட்டும். அதற்கான குறிப்பேடுகள் நம் சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. இன்று மாலையே பெற்றுக்கொள்ளலாம்.