சிறு முற்றத்துக்கு ஏற்ற செடிகள்



பல பரப்புக் காணியிலே மாவும் பலாவும் வைத்து வாழ்ந்த நம்மவரிற் பலருக்கு இன்று வாய்த்திருப்பது, வாயிற்படிக்கும் மதிலுக்கும் இடையே 10 அடி நிலம். அதிலும் பசுமை காண விரும்புவது நியாயமே. ஆனால், கன்று வாங்கச் செல்வோர் சாடியில் ஓரடி உயரத்தில் நிற்கும் அதன் அழகைப் பார்க்கின்றனரேயன்றி, வளர்ந்தபின் அது எவ்வளவு இடம் கொள்ளும் என்று கேட்பதில்லை.

குளிர்நாட்டாரைப் போல, இலையுதிராத செடி எது என்று நாம் தேடி அலையவேண்டியதில்லை. நமக்கு வேண்டியது குறுகி நிற்கும் செடி. “வளர்ந்தால் வெட்டிவிடலாமே” என்பீர்கள். வெட்சியை எடுத்துக்கொள்வோம். அதன் பூங்கொத்துக் கிளைநுனியிலே தோன்றுவது. ஓயாமல் கத்தரிப்பவர் பூவையே நறுக்கி எறிகின்றார். ஆளுயரத்துக்கு மேல் வளரும் பெருவெட்சியோடு போராடுவதிலும், 2, 3 அடியில் நின்றுவிடும் குறுவெட்சியை வைப்பது மேல். கன்றுக்குக் கன்று 2 அடி விடவேண்டும். முதலாண்டில் அந்த வெறுமை கண்ணை உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்சி புளிப்பு மண்ணை விரும்புவது. கொழும்புப் பக்கத்துச் செம்மண்ணில் அது செழிக்கும். யாழ்ப்பாணத்திலோ நிலத்தின் கீழ் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. அங்கே இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பசளை போதாதென்று எண்ணி மேலும் மேலும் யூரியா இடுவோர் உளர். அதனால் பயனில்லை. மண்ணில் உள்ள இரும்புச்சத்தை வேர் எடுக்க இயலாமையே காரணம். சீமெந்து மதிலின் அடியில் நட்டாலும் இதே கதிதான். மதிலை விட்டு 2 அடி தள்ளிக் குழி வெட்டி, மக்கிய இலைக்குப்பையைத் தாராளமாக இட்டு நடுங்கள். மழைநீரைச் சேர்த்து ஊற்ற முடியுமானால் இன்னும் நன்று.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பார்க்கு நந்தியாவட்டை இருக்கிறது. அரைநிழலிலும் பூக்கும், பூசைக்கும் ஆகும். ஆயினும் 5, 6 அடி உயருமாதலால் சன்னலுக்கு நேரே வேண்டாம்.

வெள்ளைப்பூ மணக்கும் காட்டுக்கறிவேப்பிலையை வேலியாக அடர்த்தி வெட்டப் பலர் விரும்புவர். அதன் மணம் எனக்கும் பிரியமானதே. ஆனால், தேசி, தோடை மரங்களுக்குக் கொடிய நோயொன்றைப் பரப்பும் சாறுறிஞ்சும் பூச்சி அதிலே குடிகொள்ளும். வளவில் தேசிமரம் நிற்குமாயின் இச்செடியை விட்டுவிடுங்கள்.

மஞ்சள் அலரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதிகம் நீர் கேளாது, ஆடு கடியாது, என்றும் பச்சையாய் நிற்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால், அதன் விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. உதிர்ந்த காயைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவர். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நிற்குமாயின் வேரோடு அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வேறொன்றை வையுங்கள். வடக்கே உள்ளவர்கள் ஐப்பசி மழையோடு நட்டால், கோடை வருமுன் கன்று வேர் பிடித்துவிடும்.